வளரும் பிள்ளைக்கு ஏற்ற துவிச்சக்கர வண்டி



எமது பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்கப்பட்டபோது, மொழியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ எழுதுவதே முறை என முதலில் எண்ணினேன். எனினும் சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் வேளையில் நான் வாயிலிற் காணும் காட்சி ஒன்று என்னை வேறொரு பொருளின் பக்கம் திருப்பியது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் சிலர், தம் உயரத்துக்கு மிஞ்சிய துவிச்சக்கர வண்டிகளில், ஒரு காலின் நுனி மட்டும் நிலத்திற் பட, ஒரு பக்கமாய்ச் சரிந்து நிற்கின்றனர். பெற்றோரிடம் கேட்டால், "வளருற பிள்ளைதானே மாஸ்டர், வாற வருசம் அளவாய் வந்திடும்" என்று கூறுகின்றனர்.

அவ்வாறு கூறியவர்களுள் நானும் ஒருவன். அதனால் என் வீட்டில் நேர்ந்ததை முதலிற் சொல்லி, பின்னர் நான் கற்றுக்கொண்டவற்றை முறைப்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழக்கத்தின் வேர்

பெரிய வண்டியாய் வாங்கும் பழக்கம் எமக்குக் காரணமின்றி வந்ததன்று. ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு சைக்கிள் இருந்தாலே பெரிது. அது அப்பாவின் சைக்கிள். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு வடபகுதிக்கு எரிபொருள் தடை வந்தபின், வைத்தியரும் ஆசிரியரும் மரக்கறி வியாபாரியும் நோயாளியும் சைக்கிளிலேயே சென்றனர். இரவில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, எங்கள் வீட்டு அரிசி மூட்டையும், நடக்க இயலாத அம்மம்மாவும் அந்த ஒரு சைக்கிளிலேயே ஏற்றப்பட்டனர். நானும் அப்பாவும் விடியும்வரை அதனை உருட்டிச் சென்றோம்.

அந்தச் சைக்கிளில்தான் ஒன்பது வயதில் நான் ஓடப் பழகினேன். சீற்றில் ஏற முடியாது. பாருக்குக் கீழால் வலக்காலை உள்ளே விட்டு, உடலை வில்லாய் வளைத்து ஓடினேன். எம் தலைமுறையினர் பலரும் அவ்வாறே பழகினர். அங்கே பிள்ளைக்கு ஏற்ப வண்டி அமையவில்லை. வண்டிக்கு ஏற்பப் பிள்ளை வளைந்தது. ஆயினும் அது மணல் ஒழுங்கை. இருபுறமும் கிடுகு வேலி. மோட்டார் வாகனம் அரிது. விழுந்தால் முழங்கால் தோல் போகும், அவ்வளவே. நாம் இன்று வாழும் ஜேர்மன் நகரத்துத் தெருக்களில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனங்கள் செல்கின்றன. இடம் மாறியது, எமது கணக்கு மாறவில்லை. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

என் வீட்டில் நேர்ந்தது

2019ஆம் ஆண்டு வசந்த காலத்தில் என் மகளுக்கு ஏழு வயது. பழைய பொருட் சந்தை ஒன்றில் 24 அங்குலச் சில்லுள்ள வண்டியொன்றை அறுபது யூரோவுக்கு வாங்கினேன். பன்னிரண்டு வயதுவரை கவலையில்லை என்று மகிழ்ந்தேன். சீற்றை முற்றாகக் கீழே இறக்கியும் அவளது பெருவிரல் நுனி மட்டுமே நிலத்தைத் தொட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று கிழமைகளின் பின், எம் வீட்டுக்கு அருகிலுள்ள சிறு சரிவில் அவள் இறங்கி வந்தாள். கீழே சந்தி. பிறேக்கைப் பிடிக்க முயன்றாள், விரல்கள் எட்டவில்லை. காலை ஊன்ற முயன்றாள், நிலம் எட்டவில்லை. சந்திக்குப் போய்விடக் கூடாதென்று, தானாகவே வண்டியைச் சரித்து நடைபாதையில் விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு வெடித்தது. கட்டுப் போட்டபின், "பெரிசாய் இருக்குதெண்டு ஏன் பிள்ளை சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் காசு குடுத்து வாங்கினது. சொன்னால் கவலைப்படுவியள் எண்டுதான் சொல்லேல்லை அப்பா" என்றாள்.

அகதிகளாய் வந்தவர்களின் பிள்ளைகள் எம் பணப்பையின் கனத்தை எம்மைவிட நன்கு அறிவர். தமக்குப் பொருந்தாததைப் பொருந்துகிறதென்று சொல்லிப் பொறுத்துக்கொள்வர். ஆதலால் பிள்ளை குறை சொல்லவில்லை என்பதை ஒரு சான்றாகக் கொள்ளாதீர்கள். நாமே அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் முறை

பெரும்பாலானோர் வயதைச் சொல்லி வண்டி வாங்குகின்றனர். வயது ஒரு குறிப்பு மட்டுமே. ஒரே வகுப்பில் இருக்கும் இரு பிள்ளைகளின் உயரம் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபடலாம். வண்டிக்கு வேண்டிய அளவு காலின் உள்நீளமாகும்.

பிள்ளையைச் சப்பாத்தின்றிச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கச் செய்யுங்கள். தடித்த அட்டையுள்ள புத்தகமொன்றைக் கால்களுக்கிடையே வைத்து, சீற்றில் இருப்பதுபோல மேல்நோக்கி மெல்ல அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து நிலம்வரையுள்ள உயரமே உள்நீளம். இதனைச் சென்ரிமீற்றரிற் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

சில்லின் அளவுகள் பொதுவாக 12, 14, 16, 20, 24, 26 அங்குலம் என அமையும். வண்டிக்கு வண்டி சிறிது வேறுபடினும், ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உள்நீளத்துடன் 16 அங்குலமும், 55 அளவில் 20 அங்குலமும், 65 அளவில் 24 அங்குலமும் பொருந்தத் தொடங்கும். விழுந்த காலத்தில் என் மகளின் உள்நீளம் 54. அவளுக்கு உரியது 20 அங்குலம். நான் வாங்கிக் கொடுத்ததோ அடுத்த படி.

எனினும் அங்குலத்தைவிட முக்கியமானது சீற்றின் உயரம். புதிதாகப் பழகும் பிள்ளைக்குச் சீற்றில் இருந்தவாறே இரு பாதங்களும் முழுமையாக நிலத்திற் படவேண்டும். நன்கு ஓடத் தெரிந்த பிள்ளைக்கு இரு கால்களின் முன்பாதம் பட்டாற் போதும். பிள்ளை வண்டியின் சட்டத்துக்கு மேலாகக் கால் பரப்பி நிற்கும்போது, சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே சில விரற்கடை இடைவெளி இருத்தல் வேண்டும். ஹாண்டிலைப் பிடிக்கும்போது முழங்கை சற்று மடிந்திருக்க வேண்டும். பிள்ளை முன்னோக்கி எட்டிப் பிடிக்குமாயின் வண்டி நீளமானது.

"அப்படியாயின் ஒவ்வோர் ஆண்டும் புது வண்டியா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஊரிற் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்குத் தருகிறேன். ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 சென்ரிமீற்றர் வளரும். இதிற் காலின் பங்கு ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். நல்ல வண்டியொன்றின் சீற்றைப் பத்துச் சென்ரிமீற்றர் அளவுக்கு உயர்த்த முடியும். ஹாண்டிலையும் சிறிது உயர்த்தலாம். ஆகவே இன்று அளவாய் இருக்கும் வண்டி இரண்டரை அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் பயன்படும். வளர்ச்சிக்கு வேண்டிய இடம் நல்ல வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அதற்காகப் பெரிய வண்டி வேண்டுவதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீற்றின் உயரத்தைச் சரிபாருங்கள். சீற்றைத் தாங்கும் குழாயில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்துதல் ஆபத்து. அக்கோடு தெரிந்தால் பிள்ளை அடுத்த வண்டிக்கு வளர்ந்துவிட்டதென்று பொருள்.

எடை

கடையில் பலரும் தூக்கிப் பார்க்காமலே வண்டி வாங்குகின்றனர். நான் வாங்கிய வண்டி 14 கிலோ எடையுடையது. என் மகளின் எடை அப்போது 23 கிலோ. இதே விகிதத்தில் 70 கிலோ எடையுள்ள தந்தை ஒருவருக்கு வண்டி கொடுத்தால், அது 42 கிலோவுக்கு மேல் இருக்கும். அதனை மேட்டில் மிதிப்போமா? படியிற் தூக்குவோமா? பிள்ளை களைத்து வண்டியை ஓரங்கட்டும்போது, "இவனுக்குச் சோம்பல்" என்கிறோம்.

வண்டியின் எடை பிள்ளையின் எடையில் மூன்றிலொரு பங்கை ஒட்டி இருத்தல் நன்று. அலுமினியச் சட்டமுள்ள நல்ல 20 அங்குல வண்டிகள் எட்டுக் கிலோ அளவிற் கிடைக்கின்றன. வண்டியைக் கனமாக்குவனவற்றுள் முதன்மையானவை முன்னும் பின்னும் பூட்டப்படும் சுருள்வில்கள். பெரியவர்களின் மலை வண்டியைப் போல் தோன்றுவதால் பிள்ளைகள் அவற்றை விரும்புவர். ஆனால் மலிவான வண்டிகளில் உள்ள வில்கள், இருபது முப்பது கிலோ எடையுள்ள பிள்ளை ஏறினால் அசைவதே அரிது. தெருவில் ஓடும் பிள்ளைக்குச் சற்று அகலமான ரயரும் அதில் அளவான காற்றுமே போதிய மெத்தை.

பிறேக்

வண்டியின் நிறத்தைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். பிறேக்கை நீங்கள் தெரிவு செய்யுங்கள். பிள்ளையைச் சீற்றில் இருத்தி, ஹாண்டிலைப் பிடிக்கச் செய்து, விரல்களை நீட்டி பிறேக் பிடியைத் தொடச் சொல்லுங்கள். விரலின் முதற் கணு பிடிக்கு மேலே மடிய வேண்டும். நுனி மட்டும் தொட்டால் வலு கிடைக்காது. என் மகளின் வண்டியைத் திருத்தக் கொண்டுசென்றபோது, முதிய திருத்துநர் ஒருவர் எதுவும் பேசாமல் அவளது கையை எடுத்து அப்பிடியின்மீது வைத்துக் காட்டினார். விரலுக்கும் பிடிக்கும் இடையே ஒரு விரற்கடை வெளி. அன்று நான் மாணவனானேன்.

பல வண்டிகளில் பிடியின் அருகே ஒரு சிறு திருகாணி உண்டு. அதனைத் திருப்பினால் பிடி ஹாண்டிலுக்கு அண்மையில் வரும். அவ்வாறு திருத்தியபின், வண்டியை உருட்டிக்கொண்டு பிள்ளையை பிறேக் பிடிக்கச் சொல்லுங்கள். முன் பிறேக்கை மட்டும் பிடித்தபோது முன்சில்லும், பின் பிறேக்கை மட்டும் பிடித்தபோது பின்சில்லும் உருளாமல் நிற்க வேண்டும். எந்தக் கைப்பிடி எந்தச் சில்லை நிறுத்துகிறது என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

இந்நாட்டில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிறேக் சிறுவர் வண்டிகளிற் பெருவழக்கு. கை வலுக் குறைந்த பிள்ளைக்கு அது உதவும்; மழையிலும் ஒரே விதமாக வேலை செய்யும். ஆனால் செயின் கழன்றால் அந்த பிறேக் இல்லை. புறப்படும்போது பெடலைப் பின்னே சுழற்றி வசதியான நிலைக்குக் கொண்டுவரவும் இயலாது. ஆதலால் அதனோடு நன்கு இயங்கும் கை பிறேக் ஒன்றும் இருத்தல் இன்றியமையாதது.

பெடல் இல்லாத வண்டி

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் இரு துணைச் சில்லுகள் பூட்டிய வண்டியை வாங்குவது எம்மவர் வழக்கம். சைக்கிள் ஓடுதலின் உயிர் சமநிலை. வண்டி சாயும் பக்கம் ஹாண்டிலைத் திருப்புவதால் அது நிலைக்கிறது. துணைச் சில்லுகள் சாய்வையே தடுப்பதால், பிள்ளை அதனைக் கற்காமலே பெடல் மிதிக்கப் பழகுகிறது. பின்னர் அவற்றைக் கழற்றும் நாளில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது.

அதற்கு மாறாக, பெடலே இல்லாது, காலால் நிலத்தை உந்திச் செல்லும் சிறு வண்டியிற் பழகிய பிள்ளை, பெடல் வண்டிக்கு விரைவாக மாறிவிடுகிறது. இது புதுமை போலத் தோன்றினும், துவிச்சக்கர வண்டியின் ஆதி வடிவமே இதுதான். 1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் இந்நாட்டின் மன்ஹைம் நகரில் கார்ல் டிறைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மர வண்டிக்குப் பெடல் இருக்கவில்லை. பெடல் பூட்டிய வண்டிகள் பரவியது 1860களில். மனிதர் கற்ற அதே வரிசையிற் பிள்ளையும் கற்கிறது. முதலிற் சமநிலை, பின்னர் மிதித்தல்.

கியர் பற்றியும் ஒரு சொல். 16 அங்குல வண்டிக்குக் கியர் தேவையில்லை. 20 அங்குலத்தில், மேடு பள்ளமான ஊராயின், மூன்று அல்லது ஏழு கியர் போதும். பிள்ளைக்குத் திருப்ப இலகுவானதா என்பதைக் கடையிலேயே திருப்பச் செய்து பாருங்கள்.

சட்டம் சொல்வது

எட்டு வயது நிறைவடையும்வரை பிள்ளைகள் நடைபாதையில் ஓடவேண்டும் என்பது ஜேர்மனியின் வீதிச் சட்டம். 2016 டிசம்பர் முதல், வாகனத் தெருவிலிருந்து கட்டமைப்பால் பிரிக்கப்பட்ட சைக்கிள் பாதையையும் அவர்கள் பயன்படுத்தலாம். பதினாறு வயதுக்குக் குறையாத ஒருவர் துணையாக நடைபாதையில் உடன் ஓடலாம். பத்து வயது நிறைவடையும்வரை பிள்ளைகள் நடைபாதையைப் பயன்படுத்த அனுமதி உண்டு. தெருவைக் கடக்கும்போது இறங்கி உருட்டிச் செல்ல வேண்டும்.

வண்டியில் ஒன்றுக்கொன்று சாராத இரு பிறேக்குகள், தெளிவாக ஒலிக்கும் மணி, முன்னே வெண்ணிறமும் பின்னே செந்நிறமுமான விளக்கும் ஒளிதெறிப்பியும், பெடல்களில் மஞ்சள் ஒளிதெறிப்பிகள், சில்லுகளின் பக்கவாட்டில் ஒளிதெறிப்பி அல்லது ரயரில் ஒளிரும் வெண்வளையம் ஆகியன இருத்தல் வேண்டும். கழற்றத்தக்க மின்கல விளக்காயின் பகலில் பூட்டியிருக்க வேண்டியதில்லை. இருளிலும் மூடுபனியிலும் கட்டாயம். நான்காம் வகுப்பில் பாடசாலைகள் காவற்றுறையினரின் துணையோடு சைக்கிள் பயிற்சியும் தேர்வும் நடத்துகின்றன. அவ்வேளையில் வண்டியையும் பரிசோதிப்பது வழக்கம். அன்று பிள்ளை தலைகுனியாதிருக்க இவற்றை முன்னரே சரிசெய்து வைப்போம்.

தலைக்கவசம் இங்கே சட்டப்படி கட்டாயமன்று. ஆனால் பெற்றோர் கடமைப்படி கட்டாயம். உள்ளே ஈ.என். 1078 என்ற தர எண் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். புருவத்துக்கு மேல் இரு விரல் இடைவெளியில் அது நேராய் அமர வேண்டும். நாடியின் கீழ் வாருக்குள் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். அடிபட்டதா என்பது வெளியே தெரியாதாகையால், தலைக்கவசத்தை மட்டும் பழையதாய் வாங்காதீர்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

பழைய வண்டி வாங்குவதில் எவ்வித இழுக்கும் இல்லை. தேய்ந்துபோன மலிவான புது வகையைவிட நன்கு பேணப்பட்ட தரமான பழைய வண்டி மேலானது. சட்டத்தில் வெடிப்பு உண்டா, கவை வளைந்துள்ளதா, சில்லைச் சுழற்றினால் ஒருபுறம் நெளிகிறதா, பிறேக் கம்பி துருப்பிடித்து இறுகியுள்ளதா, ரயரின் பக்கத்தில் வெடிப்புகள் உண்டா என்பவற்றைப் பாருங்கள். ரயரில் 47-406 போன்ற எண்கள் இருக்கும். முன்னது ரயரின் அகலம், பின்னது றிம்மில் அது அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். ரியூப் வாங்கும்போது "20 அங்குலம்" என்று மட்டும் சொல்லாது இவ்வெண்ணைச் சொல்லுங்கள். 20 அங்குலம் என்ற பெயரிலேயே வெவ்வேறு விட்டங்கள் உண்டு.

மற்றொன்று மிக முக்கியமானது. விற்பவரிடம் வாங்கிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சட்டத்தின் இலக்கம், பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, பொறிக்கப்பட்டிருக்கும். அது சுரண்டி அழிக்கப்பட்டிருந்தால் அவ்விடத்தை விட்டு அகலுங்கள். திருட்டுப் பொருளை அறியாமல் வாங்கினாலும் இந்நாட்டுச் சட்டப்படி அது எமக்கு உரிமையாவதில்லை. வதிவிட அனுமதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள் இருபது யூரோ இலாபத்துக்காகக் காவல் நிலையப் படி ஏறத் தேவையில்லை.

கைமாற்றும் கணக்கு

மகளின் கை குணமானபின், தரமான பழைய 20 அங்குல வண்டியொன்றை 140 யூரோவுக்கு வாங்கினேன். இரண்டரை ஆண்டுகள் ஓடினாள். பின்னர் அது 110 யூரோவுக்கு விலைபோயிற்று. ஆக, செலவு முப்பது யூரோ. அறுபது யூரோவுக்கு வாங்கிய பெரிய வண்டியோ நிலவறையில் நான்காண்டு நின்று துருப்பிடித்தது. சிக்கனம் எதுவென்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். 2022ஆம் ஆண்டு நான்காம் வகுப்புத் தேர்வில் அவள் தனக்கு அளவான வண்டியில், இடக்கையை நீட்டிச் சைகை காட்டி, ஒற்றைக் கையால் நிதானமாகத் திரும்பியதை வேலியோரம் நின்று பார்த்தேன். அந்தக் கைதான் முன்பு உடைந்த கை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். எமது பாடசாலைக் குடும்பங்களின் நிலவறைகளில் பிள்ளைகள் வளர்ந்து கழித்த வண்டிகள் பல உறங்குகின்றன. ஒரு வீட்டில் நிற்கும் 16 அங்குலம் இன்னொரு வீட்டில் தேவைப்படுகிறது. வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்தபின், முற்றத்தில் அவற்றைக் கொண்டுவந்து எமக்குள் மாற்றிக்கொள்வோமாயின் எவருக்கும் பாரமில்லை. திருத்த வேலை அறிந்த தந்தையர் எம்மிடையே உளர். மூத்த மாணவர் ஒட்டுப் போடவும் செயினுக்கு எண்ணெய் விடவும் பழகுவர்; சில்லு, கவை, அச்சு, திருகாணி என்னும் சொற்களும் அவர்தம் நாவிற் பழகும்.

அதுவரை காத்திராமல், அடுத்த சனிக்கிழமையே உங்கள் பிள்ளையின் வண்டியைக் கொண்டு வாருங்கள். அளவு நாடாவும் தடித்த புத்தகமும் என்னிடம் உண்டு.